‘பார்க்கலாம்’ என்ற சொல்லின் வட்டி

“இந்த வீட்டுக்காக நீங்கள் எதையெல்லாம் விட்டுக்கொடுப்பீர்கள்?” என்று நிகரி கேட்டபோது மகிழன் யோசிக்கவே இல்லை.

“என்ன வேணாலும்” என்றான்.

“அதை அளக்க முடியாது. ஒவ்வொன்றாகக் கேட்கிறேன்” என்றது நிகரி. தூக்கம்? நண்பர்கள்? வெளியூர்ப் பயணம்? பல் வலிக்கு மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட்டதுண்டா? மூன்று நாளாக இப்படித்தான் நடக்கிறது. கோயம்புத்தூர் வடவள்ளியிலிருந்த வீட்டின் முன்னறையில், ஒரு பால் கேன் உயரத்தில் நின்றுகொண்டு அந்தக் கருவி கேட்டுக்கொண்டே இருந்தது, இவனும் சொல்லிக்கொண்டே இருந்தான். தன்னைப் பற்றிப் பேசச் சொன்னால் மகிழனுக்கு நேரம் போவது தெரியாது. நாலாம் நாளும் கேட்காதா என்றுகூட அவனுக்கு இருந்தது.

வங்கிகளில் மனிதர்கள் பேரம் பேசுவது நின்று பல வருடம் ஆகிவிட்டது. கடன் கொடுக்கும் ஒவ்வொரு நிறுவனமும் கடனாளியை எடைபோட மதிப்பி என்ற ஒரு கருவியை வைத்திருந்தது. அதனோடு நாம் நேராகப் பேசினால், நாம் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அது நம்மை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைத்துவிடும். அதனால்தான் நிகரி வந்தது. கேள்வி கேட்டும், வீட்டுச்செவியில் சேர்ந்து கிடக்கும் பழைய பேச்சுகளைக் கேட்டும், நம் மனத்துக்கு நிகராக ஒரு மனத்தை அது கட்டிக்கொள்ளும். அந்த மனம் நமக்காகப் போய் மதிப்பிகளிடம் பேரம் பேசும். கட்டணம் கிடையாது. ஒன்றே ஒன்றுதான்: நிகரி பொய் சொல்லாது, கேட்டதை மறைக்காது. மதிப்பிகள் அதை நம்பியதே அதனால்தான்.

வீட்டுச்செவி என்பது எல்லார் வீட்டிலும் கூரையோரம் ஒட்டியிருந்த சின்ன வட்டம். விளக்கைப் போடு, மோட்டாரை நிறுத்து என்று சொன்னால் கேட்கட்டும் என்றுதான் வாங்கி மாட்டினார்கள். அது மற்றதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதற்கும் சேர்த்து ஒப்புதல் கேட்ட பக்கத்தை யாரும் படித்ததில்லை.

மகிழனுக்கு அவசரம் இருந்தது. வீட்டுக் கடனுக்குப் பத்து வருடம்வரை மாறாத வட்டி. அந்தப் பத்து வருடம் ஆனி மாதத்தோடு முடிகிறது. அதற்குள் கடனை வேறு நிறுவனத்துக்கு மாற்றாவிட்டால் தவணை ஒன்றரை மடங்காகிவிடும். பம்ப் நிறுவனத்தில் கொள்முதல் மேலாளரான அவன் சம்பளத்தையும், துணி ஆலையின் சாய ஆய்வகத்தில் நிறம் பார்க்கும் அவன் மனைவி சம்யுக்தாவின் சம்பளத்தையும் சேர்த்துப் போட்டாலும் எட்டாது. வீட்டை விற்கத்தான் வேண்டும். மருதமலையைப் பார்த்தபடி நிற்கும் அந்த வீட்டை விற்க அவனுக்கு மனமில்லை.

நிகரியைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் இதைப் பேசினார்கள். பேசினார்கள் என்று சொல்வது மரியாதைக்காக. பேசியது மகிழன். சம்யுக்தா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, தாமோதரண்ணங்கிட்டயே குடுத்தரலாமுங்களே” என்றாள் நடுவில்.

தாமோதரன் பத்து வருடத்துக்கு முன் அவர்களுக்கு முதல் கடனை வாங்கிக் கொடுத்த தரகர். கிராஸ்கட் ரோட்டில் இன்னும் அலுவலகம் வைத்திருந்தார். மனிதத் தரகர் வழியாகப் போகவும் சட்டத்தில் இடம் இருந்தது. யாரும் போவதில்லை, அவ்வளவுதான்.

“அவரா? இந்தக் காலத்துல ஆளு வெச்சுப் பேசறதா? அவரு பின்னாடி அலையணும். நிகரி பதினஞ்சு நிமிசத்துல முடிச்சுரும்.”

“அவரு நம்மளத் தெரிஞ்சவருங்க.”

“நிகரிக்கு அவரவிட நல்லாவே தெரியும். அதுக்குத்தான அத்தன கேள்வி.”

சம்யுக்தா ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். “நானும் அதுமுன்னால உக்காரணுமுங்களா?”

“ரெண்டு பேரு பேர்லயும் கடன் இருக்குதல்ல? நீ உடன்கடனாளி. உக்காந்துதான் ஆகணும்.”

“பாக்கலாமுங்க” என்றாள்.

சரி, ஒத்துக்கொண்டாள் என்று அவன் அப்போதே நிகரிக்குப் பதிவு போட்டான்.

அவன் மூன்று நாள் பேசியதை அவள் ஒரு சனிக்கிழமை முற்பகலில் முடித்துவிட்டாள். முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்து முகம் கழுவினாள். “ஆச்சா?” என்றான். “ஆச்சுங்க” என்றாள். என்ன கேட்டது என்று அவன் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்கலாம்.

திங்கட்கிழமை நிகரி பேரம் பேசப் போனது. பதினோரு நிமிடத்தில் முடிவு வந்தது. பொன்னூஞ்சல் வீட்டு நிதி என்ற நிறுவனம் கடனை எடுத்துக்கொள்ள முன்வந்தது. வட்டியைப் பார்த்த மகிழன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். அந்தத் தெருவிலேயே யாருக்கும் கிடைக்காத வட்டி. எதிர்வீட்டுக்காரர் அரசாங்க உத்தியோகம், அவருக்கே இதைவிட ஒரு சதவீதம் கூட. தெருக் குழுவில் அவன் அதைப் போட்டான். எல்லாரும் வயிறு எரிய வாழ்த்தினார்கள். அல்வா வாங்கி வந்தான். சம்யுக்தா ஒரு வில்லை எடுத்துக்கொண்டு, “நல்லதுங்க” என்றாள். மறுநாள் மாலை ஆறு மணிக்குள் இருவரும் கைரேகை வைத்தால் கடன் மாறிவிடும்.

மறுநாள் காலை அலுவலகத்தில் இருந்தபோது அவன் கைப்பலகைக்கு விலைவிளக்கம் வந்தது. எந்த வட்டியானாலும் அது ஏன் அந்த வட்டி என்று கடனாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. நாம் எவ்வளவு உசத்தி என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் மகிழன் படித்தான்.

“பத்து ஆண்டுகளில் இவ்வீட்டைப் பற்றியும் அது தொடர்பான செலவுகளைப் பற்றியும் பேசும்போது உடன்கடனாளி ‘பார்க்கலாம்’ என்ற சொல்லை முந்நூற்றுப் பன்னிரண்டு முறை பயன்படுத்தியுள்ளார். அவர் பேச்சில் இச்சொல்லின் பொருள்: வேண்டாம்.

“அவருக்கு இவ்வீட்டில் விருப்பம் இருந்ததில்லை. முப்பதாம் வயதில் கிடைத்த சட்டக் கல்லூரி இடத்தை அவர் கைவிட்டது இரண்டு சம்பளம் தேவைப்பட்டதால். இதற்காக அவர் இன்றும் வருந்துகிறார். எனினும் தம் மறுப்பை அவர் ஒருமுறைகூடச் செயலாக மாற்றவில்லை. வேலையை விடவில்லை. வீட்டை விற்கச் சொல்லவில்லை. பிரிந்து செல்லவில்லை. இத்தகைய உடன்கடனாளி உள்ள குடும்பங்கள் தவணை தவறுவது மிக அரிது. ஆகவே எங்களது மிகக் குறைந்த வட்டி.”

மகிழன் கைப்பலகையைக் கவிழ்த்து வைத்தான். எதிரே ஒரு வால்வு கம்பெனி விற்பனையாளர் உட்கார்ந்து மாதிரிகளைப் பரப்பிக்கொண்டிருந்தார். “நம்ம ஐட்டம் எப்படிங்க சார்?” என்று கேட்டார்.

“பாக்கலாங்க” என்றான் மகிழன், பழக்கத்தில்.

அந்த மனிதர் முகம் விழுந்தது. வால்வுகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டு மூடிக்கொண்டு எழுந்தார். மகிழன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாளைக்கு நாலு பேரையாவது அவன் இந்தச் சொல்லைச் சொல்லித்தான் அனுப்புகிறான். அதன் அர்த்தம் கோயம்புத்தூரில் யாருக்குத் தெரியாது? முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லி யாரையும் நோகடிக்கக் கூடாது என்று வளர்ந்த ஊர். விற்பனையாளருக்குப் புரிகிறது, டீக்கடைக்காரருக்குப் புரிகிறது, எங்கோ யாரோ செய்த ஒரு கருவிக்குப் புரிகிறது. பெண்டாட்டி சொன்னபோது மட்டும் அவன் காதில் அது ‘சரி’ என்று விழுந்திருக்கிறது. முந்நூற்றுப் பன்னிரண்டு முறை. மாடியில் ஓர் அறை கட்டலாமா என்றபோது, பார்க்கலாமுங்க. சட்டம் அப்புறம் படிக்கலாம், முதலில் வீடு வாங்கிவிடலாமா என்றபோதும் அதேதான். அன்றைக்கு அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சுற்றியது அவனுக்கு நினைவு வந்தது. அவன் மனம் கூசிப்போனது.

மதியம் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுக் கிராஸ்கட் ரோட்டுக்குப் போனான்.

தாமோதரனுக்கு எழுபது வயது. அலுவலகத்தில் பாதியைப் பழச்சாறுக் கடைக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ‘உரிமம் பெற்ற மனிதத் தரகர்’ என்ற பலகை மட்டும் புதிதாக இருந்தது. அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“வாங்க தம்பி, வாங்க. பத்து வருசம் முடியுதில்ல? கணக்கு வெச்சிருந்தேன். நிகரிகிட்டப் போயிருப்பீங்கன்னு விட்டுட்டேன்.”

மகிழன் கைப்பலகையை நீட்டினான். அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கி விலைவிளக்கத்தை நிதானமாகப் படித்தார்.

“அண்ணா, அவளுக்கு வீடு வேண்டாம்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியுந் தம்பி.”

மகிழன் அதை எதிர்பார்க்கவில்லை.

“அன்னிக்கு உங்க வீட்டுக்கு வந்து பேப்பரெல்லாம் வாங்கீட்டுக் கிளம்பறேன். வாசல்ல செருப்பு மாட்டறப்ப அம்மணி பின்னாலயே வந்துச்சு. ‘அண்ணா, இந்த லோன் ஆகாதுன்னு நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க. அவரு எம்மேல வருத்தப்படாத மாதிரி முடிஞ்சிரும்’னு சொல்லுச்சு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

தாமோதரன் கண்ணாடியைக் கழற்றினார். “பாக்கலாம் அம்மணின்னேன்.”

பழச்சாறுக் கடையில் யாரோ இரண்டு சாத்துக்குடி சொன்னார்கள்.

“அதுக்குப் புரிஞ்சு போச்சு. தலைய ஆட்டீட்டு உள்ள போயிருச்சு. எனக்குக் கூலி குடுக்கறது நீங்களா தம்பி? கடன் குடுக்கறவனில்ல குடுக்கறான். லோன் ஆனாத்தான் எனக்குக் காசு. என்ற பையனுக்கு அந்த வருசம் காலேஜு பீசு கட்டணும். கட்டிப்போட்டேன். பையன் படிச்சான். அம்மணி படிக்கல.” கழற்றிய கண்ணாடியைத் துடைத்தார். “எத்தன பேருக்கோ கடன் வாங்கிக் குடுத்தேன். என்னயத் தூங்கவிடாத லோன் அது ஒண்ணுதான்.”

“இப்ப உங்க மூலமா மாத்த முடியுமாங்க?”

“முடியும். வட்டி இத்தன கம்மியா வராது. நான் வாய மூடிக்குவேன், மதிப்பிக்கு இதெல்லாம் தெரியாது. அதனால சாதாரண வட்டி. ரெண்டு பேரும் வேலைக்குப் போனா இழுத்துப் புடிச்சுச் சமாளிக்கலாம். அம்மணி படிக்கப் போகுதுன்னா முடியாது, வீட்டக் குடுத்துட்டு வேற பாக்கோணும். எது ஆகுமுன்னு நாஞ் சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு தம்பி.” அவர் மேசைமேல் இரண்டு கைகளையும் வைத்தார். “இந்தத் தடவ அம்மணிய எதுக்க உக்கார வெச்சு, உனக்கு என்ன வேணும்னு நீங்க கேக்கணும். அது வாயத் தொறந்து சொல்லணும். அது இல்லாம ஒரு பேப்பரையும் நான் தொடமாட்டேன்.”

ஆக, அவன் முன்னால் இருந்தது இதுதான். தரகரிடம் போனால் அவளைக் கேட்க வேண்டும். நிகரியோடு நின்றால் கேட்க வேண்டியதில்லை. சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. படிக்கிறவர்கள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். மகிழனும் காரில் ஏறும்போது அப்படித்தான் நினைத்தான். கேட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் கிளம்பினான். லாலி ரோடு தாண்டியபோது, அவள் விற்றுவிடலாம் என்று சொன்னால் என்ன செய்வது என்று தோன்றியது. மருதமலை கண்ணில் பட்டபோது, கைரேகையை முதலில் வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டால் என்ன என்று தோன்றியது. வீட்டு வாசலுக்கு வந்தபோது அந்த இரண்டாவது யோசனை நல்ல யோசனையாகவே ஆகியிருந்தது. நல்ல மனிதர்கள் தப்பு செய்வது பெரும்பாலும் இப்படி, வழியில்தான்.

சம்யுக்தாவுக்கு ஆலையில் ஆறு மணி வரை வேலை. அன்று நாலு மணிக்கே வந்திருந்தாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. காப்பி கொண்டுவந்து வைத்தாள். வழக்கமாக அவன் குடிக்கும்போது அவள் அடுப்படியில் ஏதாவது செய்துகொண்டிருப்பாள். அன்று எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கை இரண்டும் மடியில் இருந்தன.

அவன் காப்பியைக் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சம்யு.”

“சொல்லுங்க.”

தொண்டைவரை வந்தது. மூன்று சொல். உனக்கு என்ன வேணும்? மூன்று நாள் ஓயாமல் தன்னைப் பற்றிப் பேசியவனுக்கு அந்த மூன்று சொல் வரவில்லை.

“மோட்டாரப் போட்டாச்சா?” என்றான்.

“போட்டாச்சுங்க.”

“தொட்டி ரொம்பியிருக்குமா?”

“ரொம்பியிருக்குமுங்க.”

அவள் எழுந்திருக்கவில்லை. வெளியே எதிர்வீட்டில் யாரோ வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மணி ஐந்தரை ஆனது, ஐந்தே முக்கால் ஆனது. மகிழன் கைப்பலகையை எடுத்தான். இன்று போகட்டும், வருகிற ஞாயிற்றுக்கிழமை இவளை வெளியே எங்காவது கூட்டிக்கொண்டு போய் மனம் விட்டுப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கட்டைவிரலை வைத்தான். பலகையை அவள் பக்கம் திருப்பினான்.

அவள் பலகையைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபம் இல்லை. பேருந்து வருமா என்று நின்று நின்று பார்த்துவிட்டு நடக்கத் தொடங்குகிறவர்களின் முகம் அது. பிறகு அவளும் விரலை வைத்தாள்.

உடனே இரண்டு கைப்பலகைகளும் ஒன்றாக ஒலித்தன. ஒன்று அவன் கையில் இருந்தது. மற்றொன்று அவள் பக்கத்தில், நாற்காலியின் மேல்.

“விலைவிளக்கம், இரண்டாம் பகுதி” என்று வந்திருந்தது. “கடனாளிகளின் வருங்கால நடத்தை பற்றிய கணிப்பு, அவர்கள் முடிவை மாற்றிவிடக் கூடாது என்பதால், கைரேகைக்குப் பிறகே தரப்படுகிறது.

“முதன்மைக் கடனாளி, முதல் பகுதியைப் படித்த பின்பும் உடன்கடனாளியிடம் விருப்பம் கேட்கமாட்டார். உடன்கடனாளி, அவர் கேட்பார் என்று கடைசி நிமிடம் வரை காத்திருப்பார். பிறகு கைரேகை வைப்பார். இவ்வட்டி இக்கணிப்பையும் உள்ளடக்கியது. இந்நிலை மாறியதாக வீட்டுச்செவி வழியே தெரியவந்தால் வட்டி மறுமதிப்பீடு செய்யப்படும். பொன்னூஞ்சல் குடும்பத்துக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்.”

மகிழனுக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. “உனக்கும்... காலைல வந்ததா?”

“வந்துச்சுங்க. ரெண்டு பேருக்குந்தான அனுப்புவாங்க. உங்களுக்கு வந்த அதே நிமிசம்.”

“படிச்சியா?”

“படிச்சேன். லீவு சொல்லீட்டு வந்துட்டேன்.” அவள் காலி டம்ளரை எடுத்தாள். “பத்து வருசமா நாஞ் சொல்லாததயெல்லாம் அது எழுதி அனுப்பிருச்சு. சரி, இனி நாம சொல்ல வேண்டியதில்ல, அவரு கேட்டாப் போதும்னு இருந்தேன்.”

அவன் நாற்காலியிலிருந்து எழுந்தான். அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கி மேசைமேல் வைத்தான். “சம்யு, நான் பண்ணுனது தப்பு. இப்பக் கேக்கறேன். உனக்கு என்ன...”

சம்யுக்தா சட்டென்று அவன் வாயைக் கையால் பொத்தினாள். கூரையோரம் இருந்த சின்ன வட்டத்தைக் கண்ணால் காட்டினாள்.

“மெதுவாங்க” என்றாள், அவன் காதோரம். “இனிக் கேட்டா வட்டி ஏறுமுங்க.”